நிறத்தை மறைத்து வெல்லம் ருசி பார்த்தார்கள்: கோபி மளிகைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோபிசெட்டிபாளையத்தில் தலைமுறை தாண்டி நடந்துவரும் ஒரு மளிகைக் கடை, மாசியில் ஒருநாளும் பங்குனியில் ஒருநாளும் தன் வாடிக்கையாளர்களைச் சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்தது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பதநீர், நீரா (தென்னம்பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத சாறு) எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னது. இரண்டையும் திட்டமிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. முதல் மாலையில் கடையில் எப்போதும் ஓடும் வெளிர்மஞ்சள் வெல்லமே பெரும்பாலோருக்குப் பிடித்தது. இரண்டாம் மாலையில் அதே சிப்பத்திலிருந்து எடுத்த அதே வெல்லத்தை ஏறக்குறைய யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. இடையில் என்ன மாறியது என்பதை, இதேபோல் தங்கள் கடையில் செய்ய நினைப்பவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

யோசனை கடைக்காரருடைய அக்கா மகனுடையது. அவர் ஆஸ்திரேலியாவில் ஒரு ஒயின் கடையில் வேலை செய்கிறார். அங்கே வார இறுதியில் கடைக்குள்ளேயே ஒரு மேசை போட்டு, நாலைந்து புட்டிகளைத் திறந்து, வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பார்கள். பீர், விஸ்கிக்கும் இப்படித்தான். ஊருக்கு வந்திருந்தபோது கல்லாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அங்க ருசி பாத்துட்டு வாங்கறாங்க மாமா. நம்ம கடைல வெல்லத்தப் பொட்டணம் கட்டித்தானுங்க குடுக்கறோம், ஒருத்தருமே வாயில வெச்சுப் பாக்கறதில்ல.”

ஒயினை வைத்து நம் ஊர்க் கடையில் இதைச் செய்ய வழியில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டின் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. கள்ளுக்கு 1987 முதல் தடை. தென்னையும் பனையும் நிறைந்த கொங்கு நாட்டில் கள்ளுக்கு அனுமதி கேட்டு உழவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுவதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. இந்த நிலையில் புளிக்காத சாறும், அதைக் காய்ச்சி எடுக்கும் இனிப்பும்தான் ஒரு மளிகைக் கடை தைரியமாக மேசையில் வைக்கக்கூடியவை. ஒயினை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் ஒயின் கடைக்காரர்கள் நூறு வருடப் பழக்கத்தில் கண்டுபிடித்த முறையைக் கொண்டுவரலாம்.

அந்த முறை எளிமையானது. இலேசானது முதலில், கனமானது கடைசியில். இனிப்பில்லாதது முன்னால், இனிப்பானது பின்னால். ஊற்றுவது ஒரு வாய்க்குமேல் கூடாது. வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடலாம், அதற்கென்று பாத்திரம் இருக்கும். நடுநடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும். கோப்பையின் அடி அகன்று வாய் குறுகியிருக்கும். மணம் உள்ளேயே தங்குவதற்காக அப்படி. இதற்கென்று 1977-இல் ஒரு சர்வதேசத் தரக் கோப்பையே வரையறுத்தார்கள். இவற்றில் எதுவும் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல. மது நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. இனிப்பும் அதையே செய்கிறது: வெல்லம் தின்ற வாயில் அடுத்த வெல்லம் பாதி இனிப்பாகத்தான் தெரியும்.

மேசையில் இருந்தவை

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இல்லாமல் கோபியில் இப்படி ஒன்றை நடத்த முடியாது. பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை கொள்முதல் செய்வது கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான். கூடவே கடையில் வழக்கமாக விற்கும் வெளிர்மஞ்சள் உருண்டை வெல்லம், பக்கத்து ஊர் ஆலைக்கொட்டகை ஒன்றில் எதையும் போட்டு வெளுக்காமல் காய்ச்சிய கருத்த வெல்லம், பனங்கருப்பட்டி, தென்னஞ்சர்க்கரை. பதநீர் காங்கயம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வந்தது. நீரா பொள்ளாச்சியிலிருந்து, உரிமம் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் முத்திரையிட்ட பாட்டில்களில்.

முதல் மாலையில் தென்பட்டவை

அனுமதி இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். பதநீர் கிடைக்கிறது என்று தெருவே வந்துவிட்டது. குடித்துவிட்டு, “நல்லாருக்குதுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது பந்தலில் மோர் ஊற்றுவது. ருசி பார்ப்பது வேறு வேலை.

உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்த பத்துப் பன்னிரண்டு பேரிடம்தான் கவனிக்க நிறைய இருந்தது. முதலில் கண்ணில் பட்டது அவர்கள் குடித்த விதம். எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். டம்ளர் உதட்டில் படக்கூடாது என்பது நமக்குக் குழந்தையிலிருந்து வந்த பழக்கம், சுத்தத்துக்கு நல்ல பழக்கம். ஆனால் அண்ணாந்து ஊற்றினால் மூக்கு டம்ளருக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. சாறு நேராகத் தொண்டைக்குப் போய்விடுகிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இவற்றை நாக்கு சொல்லும். கரும்புப்பால் மணமா, நெய் மணமா, புகை மணமா என்று சொல்வது மூக்கு. விழுங்கும்போது தொண்டை வழியாக ஏறும் மணமும் அதில் சேர்த்தி. ஆகவே பதநீரில் சுண்ணாம்பு வாடையைத் தாண்டி யாராலும் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு டம்ளர், அது அவருடையது மட்டும்தான், சப்பிக் குடிக்கலாம் என்று இரண்டாம் மாலையில் முதலிலேயே சொல்லிவிட்டோம். பெயர் எழுதிய ஒட்டுத்தாள் ஒவ்வொரு டம்ளரிலும் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பெரியவர்கள் உதட்டில் வைத்தார்கள்.

துப்புவது இதைவிடச் சிக்கல். மேசை நடுவே வைத்த வாளியை ஒருவரும் தொடவில்லை. வந்த இடத்தில், அதுவும் சாப்பிடக் கொடுத்ததைத் துப்புவது நம் ஊரில் கொடுத்தவரை அவமதிப்பது. அடுத்த முறை ஒவ்வொருவர் பக்கத்திலும் மூடியுள்ள காகிதக் கோப்பை வைத்தோம். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர், “எனக்கு இது அவசியமுங்க” என்று சொல்லி முதலில் பயன்படுத்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் கூச்சம் போயிற்று. இப்படி ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது எந்தக் கடைக்கும் உதவும்.

வாயைச் சுத்தம் செய்ய ரொட்டிக்குப் பதில் பொரி கொடுத்தோம். உப்பில்லாத வெறும் அரிசிப் பொரிக்குத் தனக்கென்று ருசி கிடையாது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்ந்தால் இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

நீரா அன்று தோற்றது. கோடை வெயிலில் பொள்ளாச்சியிலிருந்து வந்த பெட்டியில் ஐஸ் பாதிக்குமேல் கரைந்திருந்தது. ஆறரை மணிக்குத் திறந்தபோது மேலே நுரை, மூக்கில் மெல்லிய புளிப்பு. தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாறு ஏறக்குறைய நடுநிலையில்தான் இருக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதன் சர்க்கரையைத் தின்னத் தொடங்கினால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். சாற்றைச் சொட்டும் இடத்திலேயே குளிர்விக்க வேண்டும் என்பதற்காகத்தான் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பாளையோடு பொருத்தும் ஐஸ் பெட்டியை உருவாக்கி, அதில் இறங்கும் சாற்றுக்குக் கல்பரசா என்று பெயர் வைத்தது. அப்படி இறங்கும் நல்ல சாறு தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். வெள்ளையாகக் கலங்கிவிட்டால் புளிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். பதநீருக்கு இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு ஈஸ்டை வேலை செய்ய விடாது.

தமிழ்நாட்டில் நீரா இறக்க 2017-இல் வழி திறந்தது புளிக்காத சாறு என்ற நிபந்தனையோடுதான். நுரைத்த பாட்டிலை ஊற்றினால் கடைக்காரர் சட்டப்படி கள் பரிமாறியவர் ஆவார். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எல்லாப் பாட்டிலையும் கொல்லையில் தென்னைக்கு ஊற்றினார். நட்டம்தான், ஆனால் அது சரியான முடிவு. பங்குனியில் நீராவை மாலை தொடங்கியதுமே, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு முதலில் கொடுத்தோம். அதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலும் அமிலக் காகிதம் நனைத்துப் பார்த்தோம். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும் என்பதால் அது முதலில் வருவது ருசி வரிசைக்கும் பொருந்தியது.

மஞ்சள் நிறம்

இனி வெல்லம். முதல் மாலையில் எல்லாத் தட்டுகளும் குழல்விளக்கு வெளிச்சத்தில், பெயரும் விலையும் எழுதிய அட்டையோடு இருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றைப் பற்றியும் அன்போடு பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். “இது நல்லா மணமா இருக்குமுங்க” என்று அவர் சொன்னதும் தலைகள் ஆடின. கையில் கொடுத்த தாளில் மணங்களின் பட்டியல் இருந்தது. எல்லோரும் பட்டியலில் உள்ளதற்கே குறி போட்டார்கள். வெளிர்மஞ்சள் வெல்லத்துக்கு “சுத்தமானது”, கருத்ததற்கு “அழுக்கு, கசடு” என்று எழுதினார்கள். அதைத் தின்று பார்க்கும் முன்பே சிலர் எழுதிவிட்டதை நான் பார்த்தேன்.

இந்த நிறம் எப்படி வருகிறது என்பது ஆலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, சுண்ணாம்பும் வெண்டைச் செடிச் சாறும் விட்டு, பொங்கிவரும் அழுக்கை எடுத்துப் பாகு வாங்கினால் பழுப்பும் கருஞ்சிவப்புமாகத்தான் வரும். பளிச்சென்ற மஞ்சள் வேண்டுமானால் ஹைட்ரோஸ் போட வேண்டும். அது நிறத்தை வெளுக்கும் ரசாயனம், சோடியம் ஹைட்ரோசல்பைட். இன்னும் சிலர் வெல்லத்தோடு அஸ்காவையே, அதாவது வெள்ளைச் சர்க்கரையையே, கலந்து காய்ச்சுகிறார்கள். ஈரோடு, நாமக்கல் பக்கத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டு மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏலத்தில் மஞ்சளுக்கு ஒரு விலை, கருப்புக்கு ஒரு விலை. அந்த விலையை வைப்பது மளிகைக் கடையில் நின்று “வெளுப்பா குடுங்க” என்று கேட்கும் நாம்தான்.

ஒயின் உலகில் இதே சங்கதியை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிரான்சில் போர்தோ நகரில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம், வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அதை அவர்கள் வர்ணித்தார்கள். இதையே தொழிலாகப் படிப்பவர்களின் மூக்கைக் கண் ஏமாற்றும் என்றால், சாமான் வாங்க வந்தவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை.

பங்குனி மாலைக்கு அதனால் நிறத்தையே எடுத்துவிட முடிவு செய்தோம். ஒவ்வொரு வகையிலும் 10 கிராமை 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, எண் மட்டும் ஒட்டினோம். குழல்விளக்கை அணைத்துவிட்டுச் சாமி அறையில் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்புகளைப் போட்டோம். ருசி ஆய்வுக்கூடங்களில் நிறத்தை மறைக்கச் சிவப்பு விளக்கு போடும் வழக்கம் உண்டு. அந்த வெளிச்சத்தில் எல்லா டம்ளரும் ஒரே கருப்பாகத் தெரிந்தன. விலை அட்டை இல்லை. தாள் வெற்றுத்தாள். கடைக்காரர் உள்ளறையில் கரைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார், முன்னால் வரவே இல்லை. அவருக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்திருக்கும். நுழைவுக்கு 100 ரூபாய் வைத்து, சாமான் வாங்கினால் கழித்துக்கொள்ளலாம் என்றோம். கூட்டம் குறைந்தது, இருந்தவர்கள் முழுக்க இருந்தார்கள்.

ருசி பார்த்தவர்கள் எழுதியவை என்னிடம் இருக்கின்றன. வெளிர்மஞ்சள் வெல்லத்துக்கு: “இனிப்பு மட்டும்”, “அஸ்காத் தண்ணி”, “தொண்டையில் காறுது”. கருத்த வெல்லத்துக்கு: “நெய் காயற மணம்”, “சக்கை எரியற வாசம்”, “கடைசியில கொஞ்சம் கசப்பு, நல்ல கசப்பு”. வயதான ஓர் அம்மா எழுதத் தெரியாது என்று வாயால் சொன்னார்: “எங்கப்பன் ஆலை ஆட்டறப்ப கொப்பரை ஓரத்துல ஒட்டியிருக்கறதச் சொரண்டித் திம்போம். அந்த ருசிதானுங் இது.” எந்தப் பட்டியலிலும் இல்லாத சொற்கள் இவை. முதல் மாலையில் நாங்கள் அச்சடித்துக் கொடுத்த தாள் இவற்றையெல்லாம் அடைத்து வைத்திருந்தது.

ஒரு சந்தேகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் மாலையில் கட்டியாகக் கொடுத்தோம், இரண்டாம் மாலையில் கரைத்து. மாறியது நிறம் மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது? அதற்காகவே கடைசியில் அதே சிவப்பு வெளிச்சத்தில் கட்டிகளையும் கொடுத்துப் பார்த்தோம். கட்டியாகத் தின்றபோதும் கருத்ததையே முன்னால் வைத்தார்கள். ஆட்கள் கொஞ்சம் மாறியிருந்தார்கள், கூட்டமும் சிறியது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கடை தன் கொள்முதலை மாற்ற இது போதும்.

கருத்த வெல்லத்தை இரண்டு வெவ்வேறு எண்களில் ஒளித்தும் வைத்திருந்தோம். தென்னஞ்சர்க்கரைக்குப் பிறகு வந்தபோது பலர் பாராட்டினார்கள். கருப்பட்டிக்குப் பிறகு அதுவே வந்தபோது “சப்புனு இருக்குது” என்றார்கள். கருப்பட்டியின் புகையும் காரமும் நாக்கில் நெடுநேரம் நிற்கும்; அதற்குப் பின்னால் எதை வைத்தாலும் வெளிறித்தான் போகும். கனமானது கடைசியில் என்ற ஒயின்காரர்களின் வரிசை இங்கேயும் செல்லும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நாட்டுச் சர்க்கரை டம்ளரை இரண்டு முறை சப்பிப் பார்த்த ஓர் உழவர், “இதுல உப்புக் கரிக்குதுங்க. வாய்க்கால் தண்ணியில இது வராது. போர்த் தண்ணிக் கரும்பு” என்றார். கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் காலமெல்லாம் கரும்பு வைத்தவர் அவர். கடைக்காரர் சர்க்கரை கொடுத்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆமாம், போர்த் தண்ணிதான், மேட்டுக்காடு. உப்பு ஏறிய நிலத்திலும் நீரிலும் விளையும் கரும்பின் வெல்லத்தில் அந்த உப்பு வந்து சேரும் என்பது வேளாண்மையில் தெரிந்த விஷயம். அதை ஒரு டம்ளரில் கண்டுபிடித்துச் சொல்லும் நாக்கு நம் தெருவிலேயே இருப்பதுதான் எனக்குப் பெரிய சங்கதி. பிரான்சில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் திராட்சை மாறும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கோவையிலேயே இருக்கிறது. அங்கே பிறந்த கோ 86032 என்ற கரும்பு ரகம் தமிழ்நாடு முழுக்க வயலை நிறைத்திருக்கிறது. ஒரே ரகம், வேறு வேறு தண்ணீர். இந்த வித்தியாசத்துக்கு நாம் இன்னும் ஒரு விலை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு

அன்று இரவே கருத்த வெல்லம் தீர்ந்துவிட்டது. ஒரு இரவு விற்பனையை வைத்து முடிவு சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. மாலைக்கு வந்த உற்சாகம் மூன்றாம் வாரத்தில் வடிந்துவிடும். அதைவிடப் பெரிதாக நான் எடுத்துக்கொள்வது, சித்திரையில் கடையில் நின்றபோது காதில் விழுந்த கேள்விகளை. “இது எந்த ஆலைங்க?”, “எப்பக் காச்சினதுங்க?” இதற்கு முன் அந்தக் கல்லாவில் யாரும் கேட்காதவை அவை. கடைக்காரர் இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் ஆலைக்கொட்டகையின் ஊரையும் காய்ச்சிய மாதத்தையும் எழுதி வைக்கிறார். மூடி திறந்தே இருக்கும். சிறு கரண்டியும் பொரியும் பக்கத்தில். வெளிர்மஞ்சள் வெல்லத்தை அவர் நிறுத்தவில்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள், விசேஷ வீட்டுக்கு அதுதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. கேட்பவரிடம், “இதையும் ஒருக்கா வாயில போட்டுப் பாருங்க” என்று கருத்ததில் ஒரு துண்டை நீட்டுகிறார். அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

ஆலைக்காரரின் நிலைதான் இன்னும் முடிவாகவில்லை. வெளுக்காத வெல்லம் மழைக்காலத்தில் சீக்கிரம் கசியும், ஏலத்துக்குக் கொண்டுபோனால் கட்டுப்படியாகும் விலை கிடைக்காது. ஒரு கடைக்காக ஒரு கொப்பரையை ஒதுக்குவது அவருக்குச் சூதாட்டம். முன்பணம் கொடுத்து மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் தலையாட்டியிருக்கிறார், அதுவும் தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்ற பேச்சில். கோபியிலும் சத்தியமங்கலத்திலும் இன்னும் இரண்டு கடைகள் சேர்ந்தால் அவர் ஹைட்ரோஸ் டப்பாவை அடுப்படியிலிருந்தே எடுத்துவிடுவார் என்று நம்புகிறேன்.

அடுத்த மாலையை ஐப்பசியில் வைக்க இருக்கிறோம். பதநீர்க் காலம் அப்போது இருக்காது, நீராவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வெல்லம் மட்டும், மூன்று டம்ளர்: வாய்க்கால் தண்ணி, கிணற்றுத் தண்ணி, போர்த் தண்ணி. மூன்றும் ஒரே ரகக் கரும்பு, ஒரே ஆலை, ஒரே கொப்பரை. உப்புக் கரிக்கிறது என்று சொன்ன அந்த உழவர் தன் வாய்க்கால் காட்டுக் கரும்பைத் தானே வண்டியில் ஏற்றி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.